கிடைத்த பிறகு

ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் படி ஏறும்போது மட்டும் முனகுகிறது, இறங்கும்போது சும்மா இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? விடுதிச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா?

ஜூன் மாதம் எழுதியதாகப் போன கடிதத்தில் சொன்னாயே, அது இன்றுவரை வரவில்லை. அம்மா தபால்காரரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டாள். அனுப்பியிருந்தால் வந்திருக்கும் என்கிறார். நீ அனுப்பியதும் உண்மை, எனக்குக் கிடைக்காததும் உண்மை. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்பது அவருக்குப் புரியவில்லை. போனில் பேசலாமே என்று சொல்லாதே. உங்கள் போன் வார்டன் மேஜையில் இருக்கிறது. எனக்கோ போனைக் காதில் வைத்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

செய்தி என்னவென்றால், எனக்கு வேலை கிடைத்துவிட்டது. தொழிற்சாலை முதலாளிகள் சங்கத்தின் அலுவலகம், மாடியில் மூன்று அறை. ஓர் அறையில் நீள மேஜை, இருபத்திரண்டு நாற்காலி. முதலாளிகள் மாதத்தில் ஒரு நாள் வந்து உட்காருவார்கள், மற்ற நாளெல்லாம் நாற்காலிகள்தான் கூட்டம் போடும். அடுத்த அறையில் செயலாளர். மூன்றாவதில் நானும் நாலு பீரோவும். ஒன்பதாம் வகுப்போடு நின்றவளை எப்படி எடுத்தார்கள் என்று கேட்பாய். தட்டச்சு டீச்சர் சொல்லி அனுப்பினார். செயலாளர் ஒரு பக்கம் கொடுத்து அடிக்கச் சொன்னார், பிழையில்லாமல் அடித்தேன். "பேச மாட்டியா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். "ரொம்ப நல்லது" என்றார்.

உங்கள் டப்பா தொழிற்சாலையும் எங்கள் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறது. பெயரைப் பார்த்ததும் உன்னையே பார்த்தது போல இருந்தது. உன் வேலையைப் பற்றி எழுது. நீ என்ன மெஷினில் நிற்கிறாய் என்றுகூட எனக்குத் தெரியாது.

உன் தங்கை

ஆகஸ்ட் 17

என் ஊமைக்கோட்டானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதே, சாம்பாரில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

பேசாததற்கு ஒருத்தருக்கு வேலை கிடைத்தது என்றால் அது நீயாகத்தான் இருக்கும். கட்டிலுக்குக் கட்டில் சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் எழுந்து வாசிக்கச் சொன்னால் புத்தகத்துக்குள் ஒளிந்துகொள்வாயே, நினைவிருக்கிறதா?

என் மெஷின் எண் நாலு. பெயின்ட் டப்பாவுக்கு மூடி அடிக்கிறது. தகட்டை உள்ளே வைத்துக் கையை எடுக்க வேண்டும், அச்சு மேலிருந்து இறங்கும், மூடி வெளியே விழும். ஒரு நாளைக்கு மூவாயிரம் மூடி. முன்னால் ஒரு கம்பிக் கூண்டு இருக்கிறது. கை உள்ளே இருந்தால் கூண்டு மூடாது, கூண்டு மூடாவிட்டால் அச்சு இறங்காது. சூப்பர்வைசருக்கு அந்தக் கூண்டைக் கண்டாலே ஆகாது. அது இல்லாவிட்டால் நாலாயிரத்து ஐந்நூறு மூடி வருமாம். ஆனால் கழற்றப் பயம். காரணம் எங்கள் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்றால் அரசாங்கத்து ஆய்வாளர். ஒல்லியாக, பழைய பையோடு வருவார். வந்தாலே எல்லோரும் எழுந்து நிற்பதும், நாற்காலி துடைப்பதும், காபி ஓடுவதும் பார்த்து நாங்கள் வைத்த பெயர். அவர் என்றைக்கு வருவார் என்று யாருக்கும் தெரியாது. திங்களும் வருவார், சனியும் வருவார். அதனால் கூண்டு எப்போதும் மாட்டியே இருக்கும்.

அம்மாவை எண்ணெய் தேய்க்கச் சொல். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

செப்டம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்து இரண்டு வாரம் ஆகிறது. தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். மூவாயிரம் மூடியைச் சொன்னதிலிருந்து அம்மா உன் தோள்வலியைப் பற்றியே கேட்கிறாள்.

அலுவலகத்தில் பத்து நாளாக ஒரே வேலைதான். சட்டசபைக் கூட்டத்தொடர் வருகிறது அல்லவா, அதற்கு முன்னால் சங்கத்தின் கோரிக்கைகளை அச்சடித்து அமைச்சர், உறுப்பினர் எல்லோர் கையிலும் கொடுக்க வேண்டும். மொத்தம் பதினொன்று. மின்கட்டணம், சரக்கு லாரி போகும் சாலை, வரி, அனுமதிகளை ஒரே இடத்தில் தருவது என்று வரிசையாகப் போகும். நான் ஒன்பது முறை அடித்துவிட்டேன். கண்ணை மூடினாலும் வரிசை தெரிகிறது.

ஏழாவது கோரிக்கையில் எல்லோரும் சிக்கிக்கொண்டார்கள். அது உங்கள் மாப்பிள்ளையைப் பற்றியது. சொல்லாமல் கொள்ளாமல் வருவது மரியாதை இல்லையாம். செயலாளர் எழுதியிருந்தது இது: "ஏழு நாள் முன்தகவல் அனுப்பிய பிறகே ஆய்வாளர் உள்ளே வர வேண்டும்." தலைவருக்கு ஏதோ குறைகிறது, என்ன குறைகிறது என்று சொல்லத் தெரியவில்லை. அரை மணி நேரம் விவாதம். நான் தாளை எடுத்து வர உள்ளே போனேன். எனக்குத் தெரிந்துவிட்டது, அக்கா. உன்னுடைய ஜூன் மாதக் கடிதம்தான் நினைவுக்கு வந்தது. பேச வாய் வரவில்லை. பென்சிலால் "அனுப்பிய" என்பதை அடித்து, மேலே "கிடைத்த" என்று எழுதிவிட்டு நின்றேன்.

செயலாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு முறை சத்தமாக வாசித்தார். "முன்தகவல் கிடைத்த பிறகே." தலைவர் மேஜையைத் தட்டினார். "யாருய்யா இந்தப் பொண்ணு?" என்று கேட்டார்.

என்னை யார் என்று ஒருவர் கேட்டது இதுதான் முதல் முறை.

உன் தங்கை

செப்டம்பர் 29

என் ஊமைக்கோட்டானுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலமாக இருக்கிறேன். தோள்வலி எல்லாம் இல்லை என்று அம்மாவிடம் சொல்.

உன் கடிதத்தை எட்டுக் கட்டில்காரிகளுக்கும் வாசித்துக் காட்டினேன். ஒரே ஒரு வார்த்தையில் முதலாளிகளை மடக்கிவிட்டாள் உன் தங்கை என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். மடக்கவில்லை, அவர்களுக்கு உதவி செய்திருக்கிறாள் என்றேன். எல்லாம் ஒன்றுதான், பெரிய இடத்தில் பெயர் வாங்கியிருக்கிறாள் என்றாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கீழே ஒரு வரியை அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்காதே, உன்னை எனக்குத் தெரியும். எழுத்துப் பிழை, அவ்வளவுதான்.

அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அக்கா

நவம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? அம்மாவுக்கு ஒத்தடம் கேட்கிறது. இந்த வாரம் அவளே கடைக்குப் போய் வந்தாள்.

பதினொன்றில் நாலு நிறைவேறிவிட்டது. ஏழாவதும் அதில் ஒன்று. சட்டசபையில் மூன்று நிமிடத்தில் முடிந்ததாம், எதிர்த்துப் பேசியவர் ஒருவர்தானாம். டிசம்பர் முதல் தேதியிலிருந்து அமல். அரசாங்க இதழில் அச்சாகி வந்ததைச் செயலாளர் என் மேஜையில் வைத்தார். "முன்தகவல் கிடைத்த பிறகே." ஓர் எழுத்து மாறவில்லை. ஒன்பதாவதோடு நின்றவளின் வார்த்தை சட்டத்தில் இருக்கிறது, அக்கா. அதை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

நீள மேஜை அறையில் எல்லோருக்கும் காபியும் கேக்கும் கொடுத்தார்கள். தலைவர் என்னைக் கூப்பிட்டு ஒரு பேனா பரிசளித்தார். கறுப்புப் பேனா, முனையில் தங்க நிறம், கையில் கனமாக இருக்கிறது. நான்தான் நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறேனே, எனக்கு எதற்கு? நம் வீட்டில் கையெழுத்து என்றால் உன்னுடையதுதான். இத்துடன் அனுப்புகிறேன். அடுத்த கடிதத்தை இதில் எழுது, எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.

நீ அடித்த வரியைத் தூக்கிப் பார்த்தேன். "சொல்லிவிட்டு வந்தால்" என்பது வரை தெரிந்தது. பாக்கி என்ன?

உன் தங்கை

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா?

ஆறு வாரம் ஆகிவிட்டது. பேனா கிடைத்ததா? நடுவில் யாராவது எடுத்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, கிடைக்கவில்லை என்றாவது எழுது. தபால்காரர் எங்கள் வாசலைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். விடுதிக்குப் போன் செய்து பார்த்தேன். வார்டன் "யாரு?" என்று கேட்டார். எனக்குக் குரல் வரவில்லை. வைத்துவிட்டார்.

ஒரு வரி போதும்.

உன் தங்கை

ஜனவரி 19

அன்புத் தங்கைக்கு,

இரண்டு கடிதமும் பேனாவும் கிடைத்தன. கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பயப்படாதே. விரலில் சின்ன வெட்டு, கட்டுப் போட்டிருக்கிறது. அதனால் நான் சொல்லச் சொல்லப் பக்கத்துக் கட்டில்காரி எழுதுகிறாள். உன் பேனாவில்தான் எழுதுகிறாள், வழுக்கிக்கொண்டு ஓடுகிறதாம்.

என்னை மெஷினிலிருந்து மாற்றி, மூடிகளை எண்ணிப் பெட்டியில் போடும் இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். உட்கார்ந்து செய்யும் வேலை. நல்லதுதான்.

அம்மாவிடம் வெட்டு பற்றிச் சொல்ல வேண்டாம். அடித்த வரியில் ஒன்றும் இல்லை, அதை விட்டுவிடு.

அக்கா

பின்குறிப்பு: நான் பக்கத்துக் கட்டில்காரி. அக்கா சொன்னதை மட்டும்தான் எழுதினேன்.

பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் உறையை வாங்கி முகவரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

உறுப்பினர் தொழிற்சாலைகளில் நடக்கும் விபத்துகளின் விவரம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சங்கத்துக்கு வரும். வக்கீலுக்குக் கொடுக்க அதைத் தட்டச்சு செய்வது என் வேலை. நேற்று உங்கள் தொழிற்சாலைத் தாள் வந்தது. ஒரே ஒரு வரி. அப்படியே எழுதுகிறேன்.

"டிசம்பர் 9. மூடி அடிக்கும் மெஷின், எண் 4. பெண், வயது 22. வலது கை, மூன்று விரல்கள். காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு."

எண் நாலு உன்னுடையது என்று நீதான் எழுதினாய். நான் அந்த வரியை அடித்தேன், அக்கா. பிழையில்லாமல் அடித்தேன். கவனக்குறைவு என்ற சொல்லையும் அடித்தேன். கழுத்தில் வியர்வை ஓடியது. செயலாளர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, காய்ச்சலா, வீட்டுக்குப் போகிறாயா என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்றைக்குக் கூண்டு மாட்டியிருந்ததா?

உன் தங்கை

பிப்ரவரி 25

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு வலி இல்லை. பெட்டி நிரப்ப ஒரு கையே போதும், மற்றது பிடித்துக்கொள்கிறது.

நீ கேட்டதற்குப் பதில். அன்று மாப்பிள்ளை வரும் நாள் இல்லை.

இனி அவர் வரும் நாள் முன்னாலேயே தெரியும். ஒரு சீட்டு வரும், அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்குவார்கள். அன்று காலை கூண்டு மாட்டுவோம், அவர் போனதும் கழற்றுவோம். யாரும் யாரையும் திட்டுவதில்லை. சூப்பர்வைசர் இப்போதெல்லாம் பாட்டு முணுமுணுக்கிறார்.

எண் நாலில் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். உன் வயதுதான். மெஷின் சத்தத்தையும் மீறி அவள் சிரிப்பு இந்தப் பக்கம் கேட்கும். அந்தச் சிரிப்பு கேட்கிற வரைக்கும் நான் நிம்மதியாக மூடி எண்ணுகிறேன். கொஞ்ச நேரம் கேட்காவிட்டால் எண்ணிக்கை தப்பிவிடுகிறது.

இதெல்லாம் உன்னிடம் சொல்லக்கூடாது என்றிருந்தேன். நீ கேட்டுவிட்டாய். உன் மேல் வைத்துக்கொள்ளாதே.

அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

பெரிதாகச் செய்தி இல்லை. ஆய்வு தேதிகளை அரசாங்க அலுவலகம் எங்களுக்கு மொத்தமாக அனுப்புகிறது. சங்கம்தான் உறுப்பினர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. தகவல் சீட்டை அடித்து, உறையில் போட்டு, முகவரி ஒட்டி, தபால் நிலையத்தில் சேர்ப்பது என் வேலை.

இந்த மாதம் பதினேழு உறை தயார் செய்தேன். தபால் நிலையத்தில் பதினாறு கொடுத்தேன். ஒன்று கைப்பையிலேயே தங்கிவிட்டது. எனக்கு ஞாபக மறதி அதிகமாகிவிட்டது என்று அம்மா சொல்வாள்.

எண் நாலில் இருப்பவள் சிரிக்கிறாளா?

உன் தங்கை

ஏப்ரல் 14

ஊமைக்கோட்டானுக்கு,

இது என் இடது கை. கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரித்துக்கொள். இதை நானே எழுத வேண்டும் என்று தோன்றியது. நாலு நாளாக எழுதுகிறேன்.

மார்ச் 30 அன்று மாப்பிள்ளை வந்தார். யாருக்கும் தெரியாது. எட்டு மெஷினும் கூண்டில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. கூண்டுகள் ஸ்டோர் அறையில் ஒன்றன்மேல் ஒன்றாக. அவர் பார்த்தார். நாலு பக்கம் எழுதினார். என்னைக் கூப்பிட்டுக் கையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அதையும் எழுதினார்.

மறுநாளே கூண்டு மாட்டினார்கள். ஒன்பது நாள் இருந்தது. நான் ஒன்பது நாளும் சரியாக எண்ணினேன்.

பத்தாம் நாள் மேனேஜர் வக்கீலைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். அந்த ஆய்வு செல்லாதாம். தகவல் சீட்டு தொழிற்சாலைக்கு வரவில்லை, வாங்கியதாகக் கையெழுத்து இல்லை. அனுப்பியதா இல்லையா என்பது பேச்சே இல்லையாம். கிடைத்த பிறகே என்று சட்டம் சொல்கிறதாம். நாலு பக்கத்தையும் கிழித்த மாதிரிதான். மத்தியானத்துக்குள் கூண்டுகள் ஸ்டோருக்குப் போய்விட்டன.

அந்த உறை ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். நீ சொல்ல வேண்டாம். நல்ல மனதோடு செய்தாய். இரண்டு முறையும்.

அக்கா

ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

அந்த உறையைக் கைப்பையில் வைத்த நாளில் என் வார்த்தை எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. அதை ஒன்பது முறை தட்டச்சு செய்தவள் நான். அச்சில் விரலால் தொட்டுப் பார்த்தவள் நான்.

அடுத்த கூட்டத்தொடருக்கான கோரிக்கைகளை இப்போதே தொடங்கிவிட்டார்கள். நேற்று செயலாளர் கூப்பிட்டார். தொழிலாளியின் கவனக்குறைவால் நடக்கும் காயத்துக்கு முதலாளி பொறுப்பில்லை என்று ஒரு கோரிக்கை. கவனக்குறைவு என்பது கொஞ்சம் கடுமையாக இருக்கிறதாம். பென்சிலை என் பக்கம் நகர்த்தினார். "உனக்குத்தான் வார்த்தை வரும்" என்றார்.

நான் பென்சிலைத் தொடவில்லை. வாயைத் திறந்து பேசினேன், அக்கா. "சார், நாலாம் நம்பர் மெஷின்ல போனது எங்க அக்கா விரல்." குரல் எனக்கே புதிதாக இருந்தது. பிறகு கைப்பையிலிருந்து அந்தப் பதினேழாவது உறையை எடுத்து மேஜையில் வைத்தேன். வேண்டுமென்றுதான் தபாலில் போடவில்லை என்றும் சொன்னேன்.

அவர் கெட்டவர் இல்லை. எழுந்து போய் அவரே தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். உன் வயதைக் கேட்டார். ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு இதைச் சொன்னார்.

"பயப்படாதேம்மா. இது போகாததாலதான் அவங்க தப்பிச்சாங்க. தலைவருக்குத் தெரிஞ்சா இன்னொரு பேனா குடுப்பார்."

எழுந்து வந்துவிட்டேன். இனி அங்கே போக மாட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து உன் உறைகளை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா இது அவ கை இல்லைன்னு தெரியாதா?" என்றாள். ஜனவரியிலிருந்தே தெரிந்திருக்கிறது. தனக்குத் தெரிந்தது எனக்குத் தெரிய வேண்டாம் என்று சும்மா இருந்திருக்கிறாள்.

திங்கள் காலை பஸ் ஏறுகிறேன். எண் நாலில் இருப்பவளை எனக்குக் காட்டு. அவளிடம் நான் பேச வேண்டும். எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், அந்த வார்த்தை யாருடையது என்பதையும். அதன் பிறகு அவள் சிரிப்பாளா என்று தெரியாது.

வார்டன் "யாரு?" என்று கேட்டால் இந்த முறை சொல்லிவிடுவேன்.

இந்தக் கடிதம் உனக்குக் கிடைப்பதற்குள் நான் உங்கள் வாசலில் நிற்பேன். முன்தகவல் இல்லாமல்தான் வருகிறேன்.

உன் தங்கை